21 வயதில் தோல் பராமரிப்பு: எதை முதலில் தொடங்குவது?

உங்கள் கேள்வியில் மூன்று பேருடைய தோல் இருக்கிறது. உங்களுக்கு 21 வயது. தோழி ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறாள்: ரெட்டினால், வைட்டமின் சி சீரம், ஆசிட் டோனர், ஹயலுரானிக் ஆசிட், கொலாஜன் கிரீம், கண்ணுக்கு ஒரு கிரீம், இரவுக்கு ஒரு மாஸ்க். இப்போதே தொடங்கினால்தான் 40 வயதில் முகம் சுருங்காது என்கிறாள். 48 வயது அம்மா, இந்த வயதில் உனக்கு இதெல்லாம் எதற்கு என்கிறார்; தனக்கோ இனி எது செய்தும் பயனில்லை என்றும் சொல்கிறார். இதற்கிடையில் 12 வயதுத் தங்கை உங்கள் சீரத்தை எடுத்துப் பூச ஆரம்பித்துவிட்டாள். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள்.

சீக்கிரம் தொடங்க வேண்டும் என்று தோழி சொல்வது சரி. எதைத் தொடங்குவது என்பதில்தான் அவள் தவறியிருக்கிறாள். அந்த ஏழு பொருளில் சன்ஸ்கிரீன் இல்லை. 21 வயதில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், அது சன்ஸ்கிரீனாக இருக்கட்டும். மற்ற ஏழும் இல்லாமலே உங்கள் தோல் நன்றாக இருக்கும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அம்மாவின் மேற்கையில் உட்புறத்தை, அதாவது அக்குளுக்குக் கீழே வெயில் படாத இடத்தைப் பாருங்கள். பிறகு அதே கையில் மணிக்கட்டுக்கு மேலே, வெளிப்புறத்தைப் பாருங்கள். இரண்டுக்கும் வயது 48தான். உட்புறம் வழவழப்பாக, ஒரே நிறமாக இருக்கும். வெளிப்புறம் சொரசொரப்பாக, அங்கங்கே புள்ளிகளோடு, நிறம் ஏறியிருக்கும். வயதால் மட்டும் வந்த மாற்றம் எவ்வளவு, வெயிலால் வந்தது எவ்வளவு என்பதை இந்த ஒரு கை காட்டிவிடும். பிறப்பிலேயே எழுதப்பட்ட முதுமை ஒன்று உண்டு. அது மெல்ல வரும், அதோடு சண்டை போட முடியாது. நாம் முகத்தில் பார்த்துப் பயப்படும் புள்ளி, திட்டு, ஆழமான கோடு, தளர்ச்சி இவற்றில் பெரும்பங்கு வெயில் கொடுத்தது. அதைத் தடுக்க முடியும்.

2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 69 வயது அமெரிக்க லாரி ஓட்டுநர் ஒருவரின் முகம். 28 வருடம் வண்டி ஓட்டியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம் என்பதால் முகத்தின் இடப்பாதி ஜன்னல் கண்ணாடி ஓரமாகவே இருந்திருக்கிறது. அந்தப் பாதி தடித்து, பள்ளமும் மேடுமாகச் சுருங்கித் தொங்குகிறது. வலப்பாதி அவர் வயதுக்கு உரிய முகமாக இருக்கிறது. ஒரே மனிதர், ஒரே சாப்பாடு, ஒரே தூக்கம், ஒரே பரம்பரை. இரண்டு பாதிக்கும் வித்தியாசம் வெளிச்சம் மட்டும்தான். இத்தனைக்கும் நடுவில் கண்ணாடி இருந்தது.

கண்ணாடி இருந்தும் இது எப்படி நடந்தது? வெயிலில் நம் தோலைத் தொடும் புற ஊதாக் கதிர்கள் இரண்டு வகை. யு.வி.பி என்பது அலைநீளம் குறைந்தது. தோலைச் சிவக்க வைக்கும், எரிய வைக்கும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைப் பெரும்பாலும் தடுத்துவிடும். யு.வி.ஏ என்பது அலைநீளம் கூடியது. தரைக்கு வரும் புற ஊதாக் கதிரில் சுமார் 95 சதவீதம் இதுதான். இது எரிச்சல் காட்டாது, கண்ணாடி வழியே உள்ளே வரும், மேல்தோலைத் தாண்டி உள்தோல் வரைக்கும் போகும். அதனால்தான் 'நான் வெயிலில் நிற்பதே இல்லை, ஜன்னல் ஓரம்தான் உட்கார்ந்திருக்கிறேன்' என்று சொல்பவருக்கும் கன்னத்தில் மங்கு என்ற கருந்திட்டு வருகிறது.

உள்தோலில் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் கொலாஜன் கிரீமைப் பற்றிப் பேச இது வேண்டும். தோலுக்கு விறைப்பும் வலுவும் தருவது கொலாஜன் என்ற புரத இழை. இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பச் செய்வது எலாஸ்டின். கூரைக்கு உத்தரமும் சட்டமும் எப்படியோ அப்படி. புற ஊதாக் கதிர் பட்டதும், கொலாஜனை வெட்டும் நொதிகளைத் தோல் செல்கள் அதிகமாகச் சுரக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1990-களில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. தோல் சிவக்கக்கூட வேண்டாம், அதைவிடக் குறைந்த வெயிலே அந்த நொதிகளைக் கிளப்பப் போதும். வெட்டுப்பட்டதைத் தோல் சரிசெய்யத்தான் பார்க்கிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறை வைத்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் குறைகள் ஆயிரக்கணக்கான நாள் சேர்ந்த பிறகு, ஒருநாள் கண்ணாடியில் சுருக்கமாகத் தெரிகிறது. 21 வயதில் உங்களுக்கு எதுவும் தெரியாததற்குக் காரணம், எதுவும் நடக்கவில்லை என்பதில்லை. கணக்கு இன்னும் நிறையவில்லை, அவ்வளவுதான்.

சன்ஸ்கிரீன் பூசினால் இது உண்மையிலேயே குறையுமா, அல்லது விற்பவர்கள் சொல்வதா? இதற்கு நல்ல பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்து நாம்பூர் என்ற ஊரில், 1992 முதல் 1996 வரை ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரின் தோலை மட்டும் எடுத்து, முதுமை எவ்வளவு கூடியது என்று பார்த்தார்கள். ஒரு பாதிப் பேர் தினமும் சன்ஸ்கிரீன் பூச வேண்டும் என்று குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டார்கள். மறுபாதிக்கு வழக்கம்போல், வேண்டுமானால் பூசிக்கொள்ளலாம். நாலரை வருடம் கழித்து, புறங்கையில் தோலின் கோடுகளை அச்செடுத்து ஒப்பிட்டார்கள். யார் எந்தக் குழு என்று தெரியாதவர்கள்தான் மதிப்பிட்டார்கள். தினமும் பூசியவர்களின் தோலில் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. 2013-ல் இது வெளியானது. அதே ஆய்வில் பீட்டா கரோட்டின் மாத்திரையையும் சோதித்தார்கள், அதனால் முதுமை குறைந்ததாகத் தெரியவில்லை. முகத்தில் பூசும் பொருள்களில் இவ்வளவு நேர்மையாகச் சோதிக்கப்பட்டவை மிகக் குறைவு. அதனால்தான் பட்டியலில் இது இல்லாதது எனக்கு மனவருத்தமாக இருந்தது.

சரி, எப்படிப் பூசுவது? இங்கேதான் பெரும்பாலானவர்கள் ஏமாந்துபோகிறார்கள்.

டப்பாவில் போட்டிருக்கும் எஸ்.பி.எஃப் எண் யு.வி.பி-யைப் பற்றி மட்டும் பேசுகிறது. 15 என்றால் சுமார் 93 சதவீதம் தடுக்கும், 30 என்றால் 97, 50 என்றால் 98. அதாவது 30-க்கும் 50-க்கும் காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஆய்வகத்தில் இந்த எண்ணைக் கண்டுபிடிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தாராளமாகப் பூசுகிறார்கள். நாமோ அதில் பாதி, சிலர் கால்பங்குதான் பூசுகிறோம். கால்பங்கு பூசினால் எஸ்.பி.எஃப் 50 என்பது பெயருக்குத்தான். ஆகவே அளவு முக்கியம்: ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடு பிதுக்கினால், அது முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஓரளவு சரியான அளவு. முதல்முறை செய்யும்போது 'இவ்வளவா!' என்று தோன்றும். ஆமாம், இவ்வளவுதான். ஒரே தடவையில் பரப்ப முடியவில்லை என்றால் ஒரு கோடு பூசி, ஒரு நிமிடம் விட்டு, இன்னொரு கோடு பூசுங்கள். காதும் பிடரியும் கழுத்தின் பக்கங்களும் விட்டுப்போகும் இடங்கள். புறங்கையையும் மறக்காதீர்கள். முகத்தை மட்டும் காப்பாற்றியவர்களின் வயதைக் கை சொல்லிவிடும்.

யு.வி.ஏ-வுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதைச் சில நாட்டுப் பொருள்களில் பி.ஏ என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகளாகப் போட்டிருப்பார்கள். ஜப்பானில் தொடங்கிய முறை இது. குறி கூடக்கூட நல்லது. மூன்று அல்லது நான்கு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். வேறு சில இடங்களில் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்ற சொல் இருக்கும். இரண்டும் இல்லாமல் எஸ்.பி.எஃப் எண் மட்டும் பெரிதாகப் போட்டிருக்கும் டப்பாவை நான் வாங்க மாட்டேன்.

வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும்; வியர்த்தாலோ நீந்தினாலோ அதற்கு முன்பே. நாள் முழுக்க வீட்டுக்குள், ஜன்னலிலிருந்து தள்ளி இருப்பவர் இதற்காகக் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. வானிலைச் செயலிகளில் யு.வி குறியீடு என்று ஒரு எண் இருக்கும். அது 3 அல்லது அதற்கு மேல் என்றால் பாதுகாப்பு தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மேகமூட்டத்தை நம்ப வேண்டாம், மெல்லிய மேகத்தைத் தாண்டிப் பெரும்பங்கு கதிர் வந்துவிடும். மலையில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிராக இருக்கிறதே என்று சும்மா விட்டுவிட்டு, மலைப் பயணம் முடிந்து வரும்போது மூக்கெல்லாம் உரிந்து வருவது இதனால்தான்.

ஆனால் ஒன்று: சன்ஸ்கிரீன் என்பது நிழலுக்கும் துணிக்கும் அடுத்தபடிதான். உச்சிவேளையில் நிழல், அகலமான விளிம்புள்ள தொப்பி, குடை, முழுக்கைச் சட்டை இவை இரண்டு மணி நேரத்தில் கலைவதில்லை. சன்ஸ்கிரீன் பூசியிருக்கிறேன் என்ற தைரியத்தில் வெயிலில் கூடுதலாக நிற்பது பூசியதையே வீணாக்கிவிடும். வெயிலைத் தவிர்த்தால் வைட்டமின் டி குறையுமே என்ற கவலை இருந்தால், ரத்தப் பரிசோதனையில் பார்த்து மாத்திரை எடுத்துக்கொள்ளலாம். அதற்காக முகத்தைக் காயவைக்க வேண்டாம்.

உங்கள் நிறம் மாநிறம் என்று எழுதியிருக்கிறீர்கள், 'எங்களுக்கெல்லாம் சன்ஸ்கிரீன் வேண்டாமாமே' என்றும் கேட்டிருக்கிறீர்கள். கருமையான தோலில் இருக்கும் மெலனின் என்ற நிறமி உண்மையிலேயே ஒரு கொடை. 1979-ல் வந்த ஓர் ஆய்வு, கறுப்பின மக்களின் மேல்தோல் தானாகவே எஸ்.பி.எஃப் 13 போல வேலை செய்வதாகவும், வெள்ளைத் தோலில் அது 3 சொச்சம்தான் என்றும் கணக்கிட்டது. அதனால்தான் கருமையான தோலில் சுருக்கம் தாமதமாக வருகிறது. ஆனால் அதே மெலனினால் நம் தோலில் வயது வேறு வழியில் தெரிகிறது: கன்னத்தில் மங்கு, நெற்றியிலும் வாயைச் சுற்றியும் கருமை, பரு போன பிறகும் மாதக்கணக்கில் போகாத தழும்பு. சுருக்கத்துக்கு வெகு முன்பே நிறம் திட்டுத்திட்டாகிவிடும். மங்கைப் பொறுத்தவரை புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அதைக் கிளறுகிறது. சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைத் தடுக்காது; அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ள சன்ஸ்கிரீன் தடுக்கும். நம் நிறத்துக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு: ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீனைப் பூசினால் சாம்பல் பூசியதுபோல் தெரியுமே, அந்தத் தொல்லை குறையும். கருமையான தோலுக்கும் தோல் புற்றுநோய் வரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அபூர்வம்தான், ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற எதிர்பாராத இடங்களில் வந்து, தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

இனி உங்கள் தோழியின் பட்டியலுக்கு வருவோம்.

கொலாஜன் கிரீமை முதலிலேயே எடுத்துப் போட்டுவிடலாம். தோலின் மேலடுக்கு, வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழையாமல் தடுக்கவே உருவானது. சுமார் 500 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடைக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் அதைத் தாண்டுவது கடினம் என்பது தோல் மருத்துவத்தில் பொதுவாகப் பின்பற்றும் கணக்கு. முழு கொலாஜன் மூலக்கூறின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். உத்தரத்தைச் சாவித் துவாரம் வழியாக வீட்டுக்குள் கொண்டுபோக முடியுமா? மேலே படிந்து கொஞ்சம் ஈரப்பதம் தரும், அதைச் சாதாரண மாய்ஸ்சரைசரே செய்யும். ஹயலுரானிக் ஆசிட்டும் இப்படித்தான்: மேலடுக்கில் தண்ணீரைப் பிடித்துவைத்து அன்றைக்குத் தோலைப் புஷ்டியாகக் காட்டும். கெடுதல் இல்லை, முதுமையைத் தடுக்கும் என்று நம்பி வாங்க வேண்டாம். கண்ணுக்குத் தனிக் கிரீமும் தேவையில்லை.

வைட்டமின் சி கொஞ்சம் மதிப்புள்ள பொருள். அது வெயிலால் உண்டாகும் சிதைவைக் குறைக்கும், நிறத்தைச் சீராக்கும். ஆனால் எல்-அஸ்கார்பிக் ஆசிட் என்ற வடிவில், 10 முதல் 20 சதவீதம் வரை, பி.எச் (புளிப்பின் அளவு; எண் குறையக் குறைய புளிப்பு கூடும்) 3.5-க்குக் கீழே இருந்தால்தான் உள்ளே இறங்கும். காற்றும் வெளிச்சமும் பட்டால் கெட்டுப்போகும். மஞ்சள் கடந்து பழுப்பாகிவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான். சன்ஸ்கிரீன் பழக்கம் ஆறு மாதம் தவறாமல் நடந்த பிறகு, விருப்பமும் வசதியும் இருந்தால் காலையில் அதற்கு அடியில் பூசலாம். அவசரம் இல்லை.

ரெட்டினாலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டியலில் உண்மையான மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது அது ஒன்றுதான். வைட்டமின் ஏ-யின் வழித்தோன்றல்களை ரெட்டினாய்டு என்கிறோம். அவற்றில் வலுவானது டிரெட்டினோயின். அமெரிக்காவில் 1971-ல் பருவுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. பருவுக்காகப் பூசிய நடுத்தர வயதுப் பெண்கள் சிலர், சுருக்கமும் குறைகிறதே என்று சொல்ல, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் அதைப் பின்தொடர்ந்து 1986-ல் ஆய்வாக வெளியிட்டார். 1988-ல் மிச்சிகன் குழு 30 பேருக்கு 16 வாரம், மருந்து எது வெறும் கிரீம் எது என்று தெரியாமல் கொடுத்து அதை உறுதி செய்தது. 1995-ல் மெல்லிய சுருக்கங்களுக்கும் அனுமதி கிடைத்தது. வெயிலால் கெட்ட தோலில் புதுக் கொலாஜன் உருவாக இது உதவுகிறது. கடையில் கிடைக்கும் ரெட்டினால் இதன் தங்கை மாதிரி; தோலுக்குள் இரண்டு படி மாறித்தான் வேலை செய்யும் வடிவத்துக்கு வரும், ஆகவே வலு குறைவு, எரிச்சலும் குறைவு.

இது பழுதைச் சரிசெய்யும் மருந்து. 21 வயதில் உங்கள் தோலில் சரிசெய்ய என்ன பழுது இருக்கிறது? அந்த வயதில் மேல்தோல் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை தானாகவே புதுப்பித்துக்கொள்கிறது. கொலாஜனும் போதுமான அளவு உருவாகிக்கொண்டிருக்கிறது. தேவை இல்லாமல் ரெட்டினால், ஆசிட் டோனர், வைட்டமின் சி மூன்றையும் சேர்த்துப் பூசினால் தோலின் மேலரண் கிழிந்து, எரிச்சல், சிவப்பு, உரிதல் வரும். மாநிறத் தோலில் ஒவ்வொரு எரிச்சலும் ஒரு கரும்புள்ளியை விட்டுவிட்டுத்தான் போகும். முதுமையைத் தள்ளிப்போடப் பூசியது, முகத்தில் ஐந்து வயதைக் கூட்டிக் காட்டும். இது என் கண் முன்னால் திரும்பத் திரும்ப நடப்பதால்தான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

பரு இருந்தால் கதை வேறு. அப்போது அடாபலீன் போன்ற ரெட்டினாய்டு இந்த வயதிலும் நல்ல மருந்து. தோல் டாக்டரிடம் காட்டித் தொடங்குங்கள். பருவைக் கிள்ளாமல், சீக்கிரம் அடக்குவதே தழும்பு வராமல் காக்கும் வழி. பரு இல்லையென்றால் 20-களின் கடைசியிலோ 30-களிலோ ரெட்டினாலை யோசிக்கலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் எந்த ரெட்டினாய்டையும் பூசக் கூடாது.

ஆக, உங்களுக்கு வேண்டியது மூன்றே மூன்று: நுரை அதிகம் வராத, மென்மையான ஃபேஸ் வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். குளியல் சோப்பை முகத்தில் போடாதீர்கள். தோலின் பி.எச் 5-க்குப் பக்கத்தில் இருக்கும், சோப்பினுடையது 9, 10 வரை போகும். கழுவியதும் முகம் 'கிரீச்' என்று இறுகினால் அது சுத்தம் இல்லை, எண்ணெய் மொத்தமும் போய்விட்டது என்று அர்த்தம். மாய்ஸ்சரைசரில் கிளிசரின், செராமைடு இருந்தால் போதும். முகம் லேசாக ஈரமாக இருக்கும்போதே பூசுங்கள். எண்ணெய் வழியும் தோல் என்றால் ஜெல் மாதிரி இருப்பதை எடுங்கள்.

தங்கை விஷயம் எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. 2025-ல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், 13 வயதுப் பிள்ளைகள்போல் டிக்டாக் கணக்கு தொடங்கி, 7 முதல் 18 வயதுப் பெண்கள் போடும் தோல் பராமரிப்பு வீடியோக்கள் நூற்றைப் பார்த்தார்கள். சராசரியாக ஒவ்வொருவரும் ஆறு பொருள் பூசினார்கள். அதிகம் பேர் பார்த்த வீடியோக்களில் எரிச்சல் தரக்கூடிய வேதிப்பொருள்கள் சராசரியாகப் பதினொன்று இருந்தன. பகல்நேரப் பராமரிப்பைக் காட்டிய வீடியோக்களில் சன்ஸ்கிரீன் இருந்ததோ 26 சதவீதத்தில் மட்டும். தேவையில்லாதது எல்லாம் இருக்கிறது, தேவையான ஒன்று இல்லை.

12 வயதுத் தோலில் தடுக்க வேண்டிய முதுமை எதுவும் இல்லை. மெல்லிய அந்தத் தோலில் ஆசிட் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், சில சமயம் அந்த ஒவ்வாமை வாழ்நாள் முழுக்க அதே பொருளுக்கு நிலைத்துவிடும். ஆனால் அவளைத் திட்டாதீர்கள். உங்களைப் போல இருக்க ஆசைப்படுகிறாள். சீரத்தை எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, அவளுக்கென்று ஒரு சன்ஸ்கிரீன் வாங்கிக் கொடுங்கள், காலையில் இரண்டு பேரும் சேர்ந்து பூசுங்கள். இந்த வயதில் வரும் பழக்கம் கூடவே நிற்கும். 'கண்ணே, உன் முகம் அழகாகத்தான் இருக்கிறது' என்று நீங்கள் சொல்வதும் அவளுக்குத் தேவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும் போதும்.

பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும்: சீக்கிரம் வெளுக்க வைக்கும் என்று விற்கும் கிரீம்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலோடு நிற்பதில்லை, சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். மினமாட்டா உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தம் இப்படிப்பட்ட பூச்சுகளை ஒழிக்கச் சொல்லியும் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூசிய ஒரு வாரத்தில் முகம் பளபளக்கும். சில மாதத்தில் தோல் காகிதம்போல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் தெரிந்து, நிறுத்தினால் நெருப்பாய் எரியும். டாக்டர் எழுதிக் கொடுத்த கிரீமாகவே இருந்தாலும், சொன்ன நாளுக்கு மேல் போடாதீர்கள், இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றையும் முகத்தில் தேய்க்க வேண்டாம். அது கடும் புளிப்பு, அதோடு வெயில் பட்டால் கொப்புளமும் கருப்பும் வரும்.

புகைப்பழக்கம் இருந்தால் எந்தக் கிரீமும் ஈடுகட்டாது. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ட்வின்ஸ்பர்க் ஊரில் வருடாவருடம் இரட்டையர் திருவிழா நடக்கும். அங்கே வந்த 79 ஜோடி ஒத்த இரட்டையரின் முகத்தை ஒப்பிட்டு 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் புகைப்பவர் மற்றவர் புகைக்காதவர், அல்லது ஒருவர் மற்றவரைவிடக் குறைந்தது ஐந்து வருடம் கூடுதலாகப் புகைத்தவர். கண்ணுக்குக் கீழே பை, மேலுதட்டுக் கோடு, மூக்கோரத்துப் பள்ளம் எல்லாம் புகைத்தவருக்கே அதிகம். தூக்கம், சாப்பாடு, தண்ணீர் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உடம்புக்கு நல்லது எதுவோ அது தோலுக்கும் நல்லது. நிறையத் தண்ணீர் குடித்தால் சுருக்கம் போகும் என்பது மட்டும் உண்மையில்லை.

இப்போது அம்மா. 'இனி என்ன பயன்' என்று அவர் சொல்வதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வாழ்நாள் வெயிலில் 80 சதவீதம் 18 வயதுக்குள்ளேயே பட்டுவிடுகிறது என்று நெடுநாள் எழுதிவந்தார்கள். 2003-ல் அமெரிக்காவில் திரும்பக் கணக்குப் போட்டபோது, அது நாலில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு, சுமார் 23 சதவீதம்தான் என்று தெரிந்தது. அப்படியென்றால் 48 வயதிலும் இன்னும் படப்போகும் வெயில் நிறையவே மிச்சம் இருக்கிறது. காப்பாற்ற நிறைய இருக்கிறது. நாம்பூர் ஆய்விலும் நடுத்தர வயதுக்காரர்கள் இருந்தார்கள். தினமும் காத்துக்கொண்டால், பழைய சேதத்தில் ஒரு பகுதியைத் தோல் தானே சரிசெய்துகொள்ளவும் நேரம் கிடைக்கிறது.

அவர் வயதில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. தோல் திடீரென்று வறண்டு, மெலிந்துபோவதாக அந்த வயதுப் பெண்கள் சொல்வது கற்பனையில்லை. தோழி உங்களுக்குக் கொடுத்த ரெட்டினால் யோசனை உண்மையில் அம்மாவுக்குப் பொருத்தமானது. முதலில் காலையில் சன்ஸ்கிரீன், இரவில் கெட்டியான மாய்ஸ்சரைசர் என்று ஒரு மாதம் பழகட்டும். அப்புறம் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும், பட்டாணி அளவு ரெட்டினாலை முகம் முழுவதற்கும் தொட்டு வைத்துப் பரப்பட்டும். கண் இமையையும் உதட்டு ஓரத்தையும் விட்டுவிட வேண்டும். எரிச்சல் இருந்தால் மாய்ஸ்சரைசர் பூசிய பிறகு அதன் மேல் பூசலாம். தோல் ஒரு மாதம் இதைத் தாங்கிக்கொண்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசலாம். முதல் சில வாரம் கொஞ்சம் உரியும், அது இயல்பு. எரிந்து சிவந்தால் நிறுத்திவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு முன்னால் கண்ணாடியில் எதையும் தேட வேண்டாம், ஆறு மாதத்தில்தான் வித்தியாசம் தெரியும். டிரெட்டினோயின் வேண்டுமென்றால் டாக்டர் சீட்டோடு.

அம்மாவின் கன்னத்தில் மங்கு போல ஏதோ இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒருமுறை தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், கடைக்கிரீமில் ஆரம்பிக்க வேண்டாம். போகும்போது அவர் உடம்பில் உள்ள மச்சங்களையும் காட்டட்டும்: இரு பாதியும் ஒரே மாதிரி இல்லாதது, ஓரம் கோணலானது, பல நிறம் கலந்தது, 6 மில்லிமீட்டரைவிடப் பெரியது, சமீபத்தில் மாறிவருவது. இவை தோல் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்; இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். உள்ளங்காலையும் கால் நகங்களையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நாம் கேட்காவிட்டால் செருப்பைக் கழற்றாமலே வந்துவிடுவோம்.